நிலத்தைப் படிப்போம்

(கருத்துக் கட்டுரை)

நுழையும் முன்

கால்களுக்கும் கண்களுக்கும் அறிவுக்கும் ஒருசேர வேலை தரும் விளையாட்டு ஒன்று உண்டு. காடும் பாறையுமே அதன் ஆடுகளம். ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு அவ்விளையாட்டு ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. படித்து முடித்தபின் இதனோடு உடன்படவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. காரணத்தை மட்டும் மறவாது சொல்லுங்கள்.

வழி தராத பந்தயம்

அன்பு மாணவர்களே! ஓட்டப் பந்தயங்கள் பலவற்றில் ஓடவேண்டிய வழி முன்பே வகுக்கப்பட்டிருக்கும். நூறு மீட்டர் ஓட்டத்திற்குச் சுண்ணாம்புக் கோடுகள் உண்டு; மாரத்தானுக்குச் சாலையும் தடுப்புகளும் உண்டு. ஓடுபவர் வழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. விரைந்து ஓடுவது ஒன்றே அவர் பொறுப்பு.

ஓரியன்டியரிங் என்னும் பந்தயத்தில் வழி தரப்படுவதில்லை. ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒரு வரைபடம் தரப்படும். கையில் ஒரு திசைகாட்டி வைத்துக்கொள்ளலாம். காட்டில் ஆங்காங்கே வைக்கப்பட்டுள்ள இலக்குகளைக் குறித்த வரிசையில் கண்டடைந்து, குறைந்த நேரத்தில் முடிவிடத்தை அடைய வேண்டும். ஓர் இலக்கிலிருந்து மற்றோர் இலக்கிற்குக் குன்றின்மீது ஏறிச் செல்வதா, சுற்றிச் செல்வதா என்பதை ஓடுபவரே முடிவுசெய்ய வேண்டும். தமிழில் இதனை ‘வழியறி ஓட்டம்’ என அழைக்கலாம்.

இவ்விளையாட்டின் தாயகம் வட ஐரோப்பா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடன் நாட்டுப் படைவீரர்களுக்கான பயிற்சியாக இது இருந்தது. பொதுமக்கள் பங்கேற்ற முதல் போட்டி 1897ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆஸ்லோ நகருக்கு அருகில் நடந்தது. 1919ஆம் ஆண்டு எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்னும் ஸ்வீடன் படை அதிகாரி, ஸ்டாக்ஹோம் நகருக்கு அருகில் நடத்திய போட்டிக்குப் பிறகு இளைஞரிடையே இது வேகமாகப் பரவியது. 1961ஆம் ஆண்டு பத்து நாடுகள் கோபன்ஹேகனில் கூடி இதற்கென ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை உருவாக்கின.

இவ்விளையாட்டு நம் பள்ளிகளில் இடம்பெற வேண்டும். பெற்றோரின் பணி காரணமாக ஊர் மாறி வாழும் உங்களைப் போன்ற மாணவர்க்கு அது முதலில் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அக்கருத்திற்கான காரணங்களை இனிக் காண்போம்.

பாறைக்காட்டில் ஒரு போட்டி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்ன் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் பெண்டிகோ என்னும் நகரம் உள்ளது. 1850களில் தங்கம் தேடி மக்கள் திரண்டு வந்த ஊர் அது. 1985ஆம் ஆண்டின் உலக வழியறி ஓட்டப் போட்டியை நடத்தும் வாய்ப்பு இந்நகருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவிற்கு வெளியே உலகப் போட்டி நடைபெற்றது அதுவே முதன்முறை.

பெண்டிகோவிற்கு மேற்கே குயூரா என்னும் குன்றுத்தொடர் இருக்கிறது. அது கிரானைட் பாறை நிலம். பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உருவானது கிரானைட். மேலிருந்த மண் நெடுங்காலம் அரிக்கப்பட்டபின் அது வெளியே தெரிந்தது. வெயிலும் மழையும் அதன் விளிம்புகளைத் தேய்த்து உருண்டையாக்கின. யானை அளவிலும் வீட்டின் அளவிலும் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே நிற்கின்றன. அவற்றிடையே யூகலிப்டஸ் மரங்கள் வளர்ந்துள்ளன. நீலகிரியில் தைலமரம் என்று நாம் அழைக்கும் அம்மரத்திற்கு ஆஸ்திரேலியாதான் சொந்த மண். காய்ந்த பட்டைகளும் முறிந்த கிளைகளும் தரையெங்கும் கிடக்கும்.

இத்தகைய பாறைக்காட்டில் போட்டியிடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பின் ஒருவர் ஓடிவிடாதபடி, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பப்படுகின்றனர். முன்பார்த்திராத வரைபடம் கைக்கு வருகிறது. அதன் அளவு 1:10,000 என்று கொள்வோம். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 100 மீட்டர். ஐந்து மீட்டர் உயரத்திற்கு ஒன்றாகப் பழுப்புநிறச் சமவுயரக்கோடுகள் வரையப்பட்டுள்ளன. நீலம் நீரைக் குறிக்கிறது. மஞ்சள் வெட்டவெளியைக் குறிக்கிறது. பச்சை, ஓட இயலாத அடர்புதரைக் குறிக்கிறது. எளிதாக ஓடக்கூடிய காடு வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் பாறைகள்.

தொடங்குமிடம் ஒரு முக்கோணம். இலக்குகள் எண்ணிட்ட வட்டங்கள். முடிவிடம் இரட்டை வட்டம். ஒவ்வோர் இலக்கிலும் வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த, 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கொடி தொங்கும். ‘இரண்டு மீட்டர் உயரப் பாறையின் வடமேற்குப் பக்கம்’ என்பது போன்ற குறிப்பு சிறு குறியீடுகளால் தரப்பட்டிருக்கும். கொடியை அடைந்ததும், விரலில் மாட்டியுள்ள மின்னணுக் குச்சியை அங்குள்ள சிறு பெட்டியில் பதிக்க வேண்டும். வந்து சேர்ந்த நேரம் பதிவாகிவிடும்.

இவை அனைத்தும் எளியவையாகத் தோன்றும். பாறைக்காட்டில் இறங்கியதும்தான் கடினம் புரியும். பொதுவாக ஒரு மீட்டருக்குக் குறைந்த பாறைகள் வரைபடத்தில் காட்டப்படுவதில்லை. கண்ணுக்கோ நூறு பாறைகள் தெரிகின்றன. அவற்றுள் வரைபடத்தில் உள்ளது எது, விடுபட்டது எது? 500 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஓடும்போது திசை ஐந்து பாகை பிசகினால், போய்ச் சேரும் இடம் ஏறத்தாழ 44 மீட்டர் விலகியிருக்கும். வெட்டவெளியில் அது பெரிய பிழையன்று. பாறைகள் நெருங்கிய சரிவிலோ அவ்விலகலுக்குள் பத்துப் பாறைகள் இருக்கக்கூடும். பத்தும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே, பழகிய ஓட்டக்காரர் இலக்கை நோக்கி நேரே பாய்வதில்லை. முதலில் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க பெரிய இடம் ஒன்றைத் தேர்கிறார். அது ஓர் ஓடையின் வளைவாகவோ, முகட்டின் முனையாகவோ, பாதைகள் சந்திக்கும் இடமாகவோ இருக்கலாம். அதுவரை விரைந்து ஓடுகிறார். அங்கிருந்து இலக்கு வரையுள்ள சிறு தொலைவை மெதுவாக, அடிகளை எண்ணிக்கொண்டு கடக்கிறார். தாம் நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்தபடியே வரைபடத்தைப் பிடித்திருக்கிறார். கால் நகர நகர விரலும் நகரும்.

நிற்கத் தெரிந்தவர்

இவ்விளையாட்டில் வழி தவறாதவர் எவருமிலர். வழி தவறிய பின் என்ன செய்கிறோம் என்பதே வெற்றியை முடிவுசெய்கிறது.

வழி தவறியவரின் மனம் ஒரு சூழ்ச்சி செய்யும். ‘இதுதான் அந்தப் பாறை, சற்றே உருவம் மாறித் தெரிகிறது, அவ்வளவுதான்’ என்று சொல்லும். வரைபடத்தில் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் ஓடை இல்லாவிட்டால், ‘கோடையில் வறண்டிருக்கும்’ என்று சமாதானம் கூறும். இப்படி நிலத்தை வரைபடத்திற்குள் வலிந்து பொருத்திக்கொண்டு ஓடுபவர், ஒவ்வோர் அடியிலும் தம் இலக்கைவிட்டு விலகுகிறார். வேகமாக ஓடினால் வேகமாக விலகுகிறார்.

தேர்ந்தவர் நின்றுவிடுகிறார். வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்புகிறார். சிறு பாறைகளை விடுத்துப் பெரியவற்றைத் தேடுகிறார்: சரிவு எப்பக்கம் இறங்குகிறது? முகடு எத்திசையில் ஓடுகிறது? அப்போதும் தெளிவு பிறக்கவில்லையெனில், உறுதியாக அறிந்த கடைசி இடத்திற்குத் திரும்பிச் செல்கிறார். அரை நிமிடம் நிற்க மனமில்லாதவர் பத்து நிமிடங்களை இழக்கிறார்.

வகுப்பறையில் நாம் பெரும்பாலும் விரைந்து விடை சொல்பவரைப் பாராட்டுகிறோம். ‘எனக்குத் தெரியவில்லை, சற்று நின்று பார்க்கிறேன்’ என்பவருக்கு மதிப்பெண் தருவதில்லை. வழியறி ஓட்டம் அம்மாணவருக்கு மதிப்பளிக்கிறது. தெரியாததைத் தெரியாது என ஏற்றுக்கொண்டு, தெரிந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் பண்பைக் காடு கற்பிக்கிறது. கணக்கிற்கும் அறிவியலுக்கும் வேண்டிய பண்பும் அதுவே.

போட்டியின் விதி ஒன்றும் கருதத்தக்கது. ஓடும்போது பிறரிடம் வழி கேட்பதும் பிறருக்கு வழி சொல்வதும் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆனால், காயமுற்ற ஒருவரைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி அவருக்கு உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்றும் அதே விதிநூல் கூறுகிறது. தன் வழியைத் தானே தேட வேண்டும்; துன்புற்றவரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. இவ்விரண்டையும் ஒரே களத்தில் கற்கும் வாய்ப்பு அரிது.

புதிய ஊரும் பழைய சொல்லும்

1985ஆம் ஆண்டு பெண்டிகோவில் பெண்கள் தனிநபர் பட்டத்தை வென்றவர் ஸ்வீடன் நாட்டின் அன்னிக்கென் கிரிங்ஸ்டாட். 1981, 1983ஆம் ஆண்டுகளிலும் அவரே உலகப் பட்டத்தை வென்றிருந்தார். அவர் பழகிய காடுகள் பனி பெய்யும் ஊசியிலைக் காடுகள். வென்றதோ யூகலிப்டஸ் காட்டில். மரம் வேறு, மண் வேறு, நண்பகல் சூரியன் நிற்கும் திசையும் வேறு. வட ஐரோப்பாவில் நண்பகலில் தெற்கே நிற்கும் சூரியன், விக்டோரியாவில் வடக்கே நிற்கும். வடகோளத்திற்காகச் செய்த திசைகாட்டியின் முள்கூடத் தென்கோளத்தில் ஒருபுறம் சாய்ந்து தடுமாறும்; அங்கே அதற்கேற்பச் சமன்செய்த முள் வேண்டும். இத்தனை வேறுபாடுகளையும் கடந்து அவர் வென்றதற்கு, எந்த நிலத்தையும் படிக்கும் பயிற்சி பெற்றிருந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். ஊரை உடன் எடுத்துச் செல்ல முடியாது. ஊரைப் படிக்கும் திறனை எடுத்துச் செல்லலாம்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை என் வகுப்பு மாணவர்களிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். வீட்டை வரைந்தனர், பள்ளி வாயிலை வரைந்தனர். இடையே பலர் வரைந்தது ஒரே ஒரு நேர்கோடு. அந்நேர்கோட்டிற்குள் ஒரு சந்தை, இரண்டு ஓடைகள், ஒரு மேடு, பழைய கோட்டைச் சுவர் ஒன்று ஆகிய அனைத்தும் மறைந்துபோயின. அது மாணவர்களின் குற்றமன்று. பேருந்துச் சன்னலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடையில் வாழுமாறு நாம் அவர்களை வளர்க்கிறோம். மூன்றாண்டுகளில் இடமாற்றம் வந்துவிடும் என்று எண்ணி, வாழும் ஊரை அறியாமலேயே அதைக் கடந்துவிடுகிறோம். சொந்த ஊரோ விடுமுறைக்குச் செல்லும் ஊராக மட்டும் இருக்கிறது. இரண்டு ஊர்களும் கைநழுவுகின்றன.

இங்கே தமிழ் நமக்குத் துணை செய்யும். ‘மேற்கு’, ‘கிழக்கு’ என்னும் சொற்களை நோக்குங்கள். ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும், ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன என்பர். தமிழ்நாட்டின் மேற்கில் மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. நிலம் கிழக்குக் கடலை நோக்கித் தாழ்கிறது. நிலத்தின் சாய்வைப் பார்த்துத் திசைக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். மும்பையில் வாழும் தமிழ் மாணவருக்கோ மேற்கே கடல், கிழக்கே மலை. சொல் சொல்வதற்கு நேர்மாறாக நிலம் அமைந்திருக்கிறது. அதனால் சொல் பயனற்றுப் போகவில்லை. ‘இந்த ஊரில் மேல் எது, கீழ் எது?’ என்று புதிதாகப் பார்க்க அச்சொல் நம்மைத் தூண்டுகிறது.

பாறை நிலத்திற்கும் தமிழில் சொற்கள் உள்ளன. கல்லும் முள்ளும் நிறைந்த சிறு குன்றைக் ‘கரடு’ என்பர். நெல்லைப் பகுதியில் சிறு குன்றைப் ‘பொத்தை’ என அழைப்பர். முகடு, சரிவு, கணவாய், பள்ளம், ஓடை, மேடு என ஒவ்வொரு வடிவிற்கும் ஒரு பெயர் உண்டு. இப்பெயர்களை அறியாதவர் அனைத்தையும் ‘மலை’ என்றே காண்பார். பெயர் அறிந்தவருக்கு வேறுபாடு தெரியும். வரைபடத்தில் சமவுயரக்கோடுகள் காட்டும் வேறுபாடுகளும் இவையே.

குயூராவின் பாறைகளைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்தவர்கள் ஜா ஜா வுரங் என்னும் தொல்குடியினர். எந்தப் பாறைக்குழியில் மழைநீர் தங்கும் என்பதை அச்சிட்ட வரைபடமின்றியே அவர்கள் அறிந்திருந்தனர். நிலத்தை அறிந்து வாழ்வது எல்லா மக்களுக்கும் உரிய பழைய கல்வி. விளையாட்டின் வடிவில் அதனை மீண்டும் பெறுகிறோம்.

மறுப்புகளும் விடைகளும்

‘கைபேசி வழிகாட்டும்போது வரைபடம் எதற்கு?’ என்று சிலர் கேட்பர். கைபேசியை நானும் பயன்படுத்துகிறேன். அது நல்ல கருவி. ஆனால், அதன் திரையில் நாம் எப்போதும் நடுவிலேயே இருக்கிறோம். நாம் திரும்பினால் படமும் திரும்புகிறது. ‘இடப்புறம் செல்க’ என்று அது கட்டளையிடுகிறது, நாம் செல்கிறோம். சென்றபின் அவ்வூரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தாள் வரைபடத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நாமே கண்டறிய வேண்டும். அத்தேடலில்தான் ஊர் மனத்தில் பதிகிறது. வழியறி ஓட்டத்தில் வழிகாட்டும் மின்னணுக் கருவிகளுக்கு இடமில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

‘காட்டில் பிள்ளைகளை ஓடவிடுவது ஆபத்து அன்றோ?’ என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்வி இது. பாறைமேல் கால் வழுக்கலாம், பாம்பு இருக்கலாம், வெயில் வாட்டலாம். அதனால்தான் இவ்விளையாட்டில் ஒழுங்குமுறைகள் உள்ளன. பல போட்டிகளில் விசில் எடுத்துச் செல்வது கட்டாயம். ஏற முடியாத செங்குத்துப் பாறைகள் வரைபடத்தில் தனிக்குறியீட்டால் காட்டப்படுகின்றன. ஓட்டத்தைப் பாதியில் விட்டவரும் முடிவிடத்திற்கு வந்து தெரிவிக்க வேண்டும். யார் இன்னும் திரும்பவில்லை என்பதை நடத்துநர்கள் எண்ணிப் பார்க்கின்றனர். ஆபத்தை அளந்து, அதற்கேற்ப ஆயத்தமாகச் செல்லும் பழக்கமும் கற்க வேண்டிய ஒன்றே. அச்சத்தினால் பிள்ளைகளை வாயிலுக்குள்ளேயே நிறுத்திவைத்தால், பின்னொரு நாள் தனியே வெளியே செல்லும்போது அவர்களுக்கு எப்பயிற்சியும் இராது. பெண்பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு மறுக்கப்படுவது இன்னும் மிகுதி. அவர்களுக்கே இப்பயிற்சி முதலில் சென்றுசேர வேண்டும்.

பள்ளி வளாகத்தில் தொடங்கலாம்

குயூராவைப் போன்ற பாறைக்காடு எல்லா ஊர்களிலும் இல்லை. தேவையும் இல்லை. பூங்காக்களிலும் நகர வீதிகளிலும் ஓடும் குறுந்தொலைவுப் போட்டி 2001ஆம் ஆண்டு முதல் உலகப் போட்டியிலேயே இடம்பெற்றுள்ளது. வெல்பவர் ஏறத்தாழ 12 முதல் 15 நிமிடங்களில் அதனை முடித்துவிடுகிறார். நம் பள்ளி வளாகத்திலும் அதனை நடத்தலாம்.

முதலில் மாணவர்களே வளாகத்தின் வரைபடத்தை வரையட்டும். 1:1,000 என்னும் அளவு போதும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர். தம் காலடிகளால் அளந்து, மரங்களையும் படிக்கட்டுகளையும் குழாயடியையும் குறிக்கட்டும். பிறகு பத்து இடங்களில் துணிக்கொடிகளைக் கட்டிப் போட்டி வைக்கலாம். சாரண சாரணியர் இயக்கத்திலும் தேசிய மாணவர் படையிலும் வரைபடம் படிக்கும் பயிற்சி முன்பே உள்ளது. அப்பயிற்சியை எல்லா மாணவர்க்கும் விரிவாக்கினால் போதும். கணக்கு ஆசிரியர் அளவுகளைக் கற்பிக்கட்டும். புவியியல் ஆசிரியர் சமவுயரக்கோடுகளை விளக்கட்டும். நிலத்தின் பெயர்களைத் தமிழாசிரியராகிய நான் தருகிறேன்.

இது நமக்குப் புதிய கலையுமன்று. இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும் நில அளவைப் பணி, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் தலைமையில் அங்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிப்படைக் கோடு ஒன்று அளக்கப்பட்டது. இமயம் வரை நீண்ட அளவைக்கு அக்கோடே தொடக்கம்.

மாணவர்களே! நீங்கள் இன்னும் பல ஊர்களில் வாழக்கூடும். ஒவ்வோர் ஊரையும் நின்று பார்த்துப் படிக்கப் பழகுங்கள். இவ்வாரம் உங்கள் குடியிருப்பைச் சுற்றி ஒருமுறை பெரியவர் ஒருவருடன் நடந்து வாருங்கள். மழை பெய்தால் நீர் எப்பக்கம் ஓடும் என்று பாருங்கள். உங்கள் ஊரின் மேலும் கீழும் எவை என்பது அப்போது தெரியும். அதனைத் தாளில் வரைந்து, தமிழில் பெயரிட்டு வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள்.

சொல்லும் பொருளும்

இலக்கு – சென்றடைய வேண்டிய இடம்
சமவுயரக்கோடு – ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு
முகடு – மலை அல்லது குன்றின் உச்சிப்பகுதி
கணவாய் – இரு மலைகளுக்கு இடைப்பட்ட வழி
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
தொல்குடியினர் – ஒரு நிலத்தில் மிகப் பழங்காலம் முதல் வாழ்பவர்

சிந்தித்து எழுதுக

1. வழி தவறியவர் விரைந்து ஓடுவதால் நேரும் இழப்பு யாது?
2. ‘மேற்கு’, ‘கிழக்கு’ என்னும் சொற்கள் நீங்கள் வாழும் ஊரின் நில அமைப்பிற்குப் பொருந்துகின்றனவா? விளக்குக.
3. 1:10,000 அளவுள்ள வரைபடத்தில் இரண்டு இலக்குகளுக்கு இடையே 3.5 சென்டிமீட்டர் உள்ளது. நிலத்தில் அத்தொலைவு எவ்வளவு?
4. கட்டுரையாளரின் கருத்துகளுள் ஒன்றனை மறுத்து, தக்க காரணங்களுடன் பத்து வரிகள் எழுதுக.